மடக்கினவனுக்குத்தான் தெரியும்

வந்து நிக்குது பாரு. மலையில இத்தனை வளைவு இருக்க, இத்தனை வெட்டவெளி கிடக்க, சரியா நம்ம ஷெட்டு வாசல்லதான் வந்து நிக்கணுமா என்று சவரியப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. வண்டியைப் பார்த்து ஏறவில்லை. வண்டி பாவம், அது என்ன செய்யும், முன்னால் ரெண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, பம்பரில் எலுமிச்சம்பழம் ஆட, புது மாப்பிள்ளை மாதிரி வந்த பிக்கப்பு அது. வளைவில் திரும்பும்போதே அவன் காது சொல்லிவிட்டது, பின் சக்கரம், இடது பக்கம், உறுமுகிறது என்று. ஆயுத பூசை அன்றைக்கு ஒரு பயலும் ஸ்பேனரைத் தொட மாட்டான். இரும்பெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் பூசி வாழையிலையில் படுத்துக் கிடக்கும், மறுநாள் காலையில்தான் எழுப்புவார்கள். அன்றைக்கு இந்த மலையில் எவன் வண்டி மக்கர் பண்ணினாலும் பூசை போடாத வேதக்காரன் சவரியப்பன் ஷெட்டுக்குத்தான் வரணும். வருஷா வருஷம் நடக்கிறதுதான், அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் கதவைத் திறந்து இறங்கியது தெய்வேந்திரன். கீழே வத்தலக்குண்டில் பட்டறை வைத்திருக்கிற தெய்வேந்திரன். ஒரு காலத்தில் அதே பட்டறையில் வேலை பார்த்த சவரியப்பன் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்ட தெய்வேந்திரன். முடி கொட்டி, வயிறு வைத்து, வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டு, ஏதோ நேற்றுச் சாயங்காலம் பிரிந்த ஆள் மாதிரி, "பின்னாடி சக்கரம் ஆடுதுப்பா சவரி. மகள நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், நேத்துதான் வளைகாப்பு. ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாம் பூசையில இருக்கு, இன்னைக்கு நான் எதையும் தொடக்கூடாது, பாத்துக்க" என்றான். பாத்துக்கவாம். என்ன வாயி இது.

திட்டி அனுப்பியிருக்கலாம், தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு, கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு பெண் இறங்கி, "சவரி சித்தப்பா, என்னைத் தெரியலையா, மேகலா" என்று சிரித்தாள். தெரியாமல் என்ன. பட்டறையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, உடைந்த பேரிங்கிலிருந்து அவன் எடுத்துக் கொடுக்கிற இரும்புக் குண்டுகளை வைத்துக் கோலி விளையாடின குட்டி அது. எண்ணெய்க் கையோடு தூக்காதேடா பாவாடை அழுக்காகும் என்று அவள் அம்மா கத்துவாள். அதெல்லாம் எந்த ஜென்மத்துக் கதை. "வாம்மா, அந்த சீட்டுல உக்காரு" என்று சவுக்கு மர நிழலில் போட்டிருந்த பழைய வேன் சீட்டைக் காட்டினான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அது அவனுக்கே ஆச்சரியம். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்தான், பின்னால் ஜாக்கி கொடுத்தான், சக்கரம் தரையை விட்டது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உலுக்கினான். லொடக் என்றது. நல்ல ஆட்டம், விரல் கனம் இருக்கும். சக்கரத்து நட்டு லூஸா, உள்ளே பேரிங்கா என்று தெரிய வேண்டுமானால் ஒருத்தன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கணும், இன்னொருத்தன் உலுக்கணும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் பக்கம், நிற்காவிட்டால் வேறெங்கோ. ஷெட்டில் இருந்த பையன் பூசைக்கு ஊருக்குப் போய்விட்டான். "ஏறி உக்காந்து மிதி" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை. தெய்வேந்திரன் அதைக் கவனித்தானா என்றும் தெரியவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மிதித்தான்.

ஆட்டம் நின்றுவிட்டது. விடச் சொன்னான், லொடக். மிதிக்கச் சொன்னான், நின்றது. போதும், தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னான், விடச் சொன்னான், மறுபடியும் மிதிக்கச் சொன்னான், ஏனென்றால் மிதி என்றால் மிதிக்கிற தெய்வேந்திரனை அவன் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. மிதிடா. விடுடா. எங்க அக்கா வீட்டுக்காரர் லூர்து மாமாவும் இப்படித்தானே மிதிச்சிருப்பாரு கடைசியா, காத்துல. சக்கரம் போனப்புறம் பிரேக்குல என்ன இருக்கு. லூர்து மாமா வேன் ஓட்டுவார், மலையிலிருந்து வாழைத்தார், ஆரஞ்சு, காப்பிக்கொட்டை. டிரைவர்களுக்கென்று இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு, வேலை முடிந்ததும் மெக்கானிக் டயரில் ரெண்டு தட்டுத் தட்டி "போலாம்" என்று சொல்லணும். சொல்லாமல் ஹேண்ட் பிரேக்கை எடுக்க மாட்டார்கள், சாமி கும்பிடாமல்கூடக் கிளம்புவார்கள், அதைக் கேட்காமல் கிளம்ப மாட்டார்கள். மாமா அதில் ரொம்பக் கறார். "டேய் மாப்ள, தட்டுடா" என்பார் பீடியைக் கடித்துக்கொண்டு. அன்றைக்கும் சவரியப்பன்தான் தட்டினான். அன்றைக்கு அவர் வேனுக்குப் பின் சக்கரத்துக்கு கிரீஸ் வைத்து, நட்டை முழுக்க இறுக்கிக் கொஞ்சம் தளர்த்தி அளவாக விட்டு, அடுத்து லாக் வாஷர் என்கிற தகர வளையத்தைப் போட்டு அதன் காதை நட்டு மேல் மடக்கணும், அப்போதுதான் நட்டு திரும்பாது, அந்த நேரத்தில்தான் பட்டறை முதலாளி தெய்வேந்திரன் வந்து தோளில் கை வைத்து, "நீ சாப்பிடப் போ. நான் மடக்கிக்கிறேன்" என்றான். சாப்பிட்டுவிட்டு வந்தபோது எல்லாம் மூடி, சக்கரமும் ஏறியிருந்தது. மடக்கியாச்சாண்ணே? ஆச்சு ஆச்சு, அனுப்பிவிடு. ரெண்டு தட்டு. போலாம் மாமா.

சாயங்காலம் சுமையோடு இறங்கும்போது சக்கரம் தனியாக ஓடியது, வேன் தனியாக ஓடியது. சாவு வீட்டில், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே தெய்வேந்திரன் சொன்னான், "பின் சக்கரத்தப் பாத்தது சவரிதான், நான் எங்க பாத்தேன்." அவ்வளவுதான். சவரியப்பன் வாயைத் திறந்தபோது கூடப் பிறந்த ஜெசிந்தாக்கா சவப்பெட்டியின் மேல் இருந்த அவன் கையை எடுத்து, ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைப்பது மாதிரி நகர்த்தி வைத்தாள். "நீதானடா போலாம்னு சொன்ன" என்றாள். சொன்னான்தான். அதோடு சரி. கோயிலில் பார்த்தால் முக்காட்டை இழுத்துக்கொள்வாள், போன் போட்டால் எடுக்க மாட்டாள், அவள் மகன் கல்யாணமும் புது வீட்டுக்குக் குடிபோன விசேஷமும் எல்லாம் இவனில்லாமல் நடந்தது. ஊர் அவனுக்குக் கழட்டிவிட்டான் என்று பேர் வைத்தது. அந்தப் பேரைச் சுமக்க முடியாமல்தான் மலைக்கு வந்து இந்தத் தகரத்தைப் போட்டான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேற. வருஷம் போகப் போக அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தோளில் கை வைத்தானா, அப்படிச் சொன்னானா, இல்லை நாமே மறந்துவிட்டு மனசுக்கு ஒரு கதை கட்டிக்கொண்டோமா? தோளில் கையின் கனம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் எந்தத் தோள்? இதனால் ஒரு நட்டை இறுக்கினால் மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறான், டிரைவர்கள் சிரிக்கிறார்கள். பாவி, சாவைக் கொடுத்ததுமில்லாமல் என் கையையே என்னை நம்பவிடாமல் பண்ணிட்டானே. இந்தா, இப்போ அவன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறான், ஜாக்கி மேல் நிற்கிற வண்டியில், மிதி என்றால் மிதித்துக்கொண்டு.

சக்கரத்தைக் கழற்றினான். ஆக்சில் போல்ட்டுகளை எடுத்து, தண்டை உருவினான், கியர் ஆயில் சொட்டச் சொட்ட வந்தது. அந்த வாசனை நேராக அன்றைக்குக் கொண்டுபோய் விடும், எப்போதும் அப்படித்தான், மெஸ்ஸில் சாப்பிட்ட கறிக்குழம்பு வாசனையும் கூடவே வரும், அதனால் அவன் இன்றைக்கும் கறிக்குழம்பு தொடுவதில்லை. உள்ளே விளக்கை அடித்துப் பார்த்தான். லாக் வாஷரின் காது உடைந்து, ஒரு நூல் பிடிப்பில் தொங்கியது. நட்டு தன்பாட்டுக்குத் திரும்பிப் பின்வாங்கியிருந்தது. விரலாலேயே சுற்றினான், சுற்றியது. பேரிங்கைத் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தான், குண்டுகளில் பள்ளம் இல்லை, தப்பித்தது. அப்புறம் வாஷரை எடுத்து நூல் வேஸ்ட்டால் துடைத்தான். துடைத்தவன் கை அப்படியே நின்றது. உடைந்த காதின் மேல் பிறை மாதிரி ஒரு உளித்தடம். அதன் மேலேயே இன்னொரு பிறை, கொஞ்சம் விலகி. முனை பெயர்ந்த உளி. தெய்வேந்திரன் அப்பா காலத்து உளி, வேறு யாரையும் தொட விடமாட்டான், கை ராசி என்பான். சவரியப்பன் எழுந்து ஷெட்டுக்குள் போய், மாதா படத்துக்குப் பின்னால் இருந்த பவுடர் டப்பாவை எடுத்தான். லூர்து மாமா விழுந்த வளைவில், கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் கிடந்து அவன் பொறுக்கின வாஷர் அதில் இருந்தது. யாரிடமும் காட்டியதில்லை. காட்டி என்ன சொல்வது, பிறை இருக்கு என்றா? முன்னாடி எப்பவோ மடக்கினது என்பார்கள், அவனுமே அப்படித்தான் பயந்தான். ஆனால் அதிலும் ரெண்டு பிறை. ஏன் ரெண்டு என்று இத்தனை வருஷம் புரியவில்லை. இப்போது ரெண்டு வாஷரையும் பக்கத்தில் வைத்ததும் அடக் கடவுளே, புரிந்தது. ஒரு தடவை மடக்கின காதை நிமிர்த்தி, புதுசு போடாமல், அதே காதையே மறுபடியும் மடக்குகிறான். ஒரு டீ விலை வாஷர். மறுபடி மடக்கினால் இரும்பு கீறும், கீறினது மலையில் உடையும், முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கிற பாடம். முதல் பிறை எப்பவோ அடித்தது. ரெண்டாவது பிறை அன்றைக்கு, அவன் சாப்பிடப் போயிருந்தபோது அடித்தது. தோளில் கை வைத்தான். சொன்னான். நான் கதை கட்டவில்லை. நான் விடவில்லை.

சந்தோஷம் வரும் என்றுதான் நினைத்தான், வந்தது கோபம், உள்ளங்கால்வரை வந்தது. இந்த ஆள் இன்னும் அப்படியேதான் மடக்கிக்கொண்டிருக்கிறான்! ஒரு மனுசனைக் கொன்ற அதே வேலையை, அதே உளியில், சொந்த வண்டிக்கே, வயித்துப் பிள்ளையோட இருக்கிற சொந்த மகளை ஏத்திப்போற வண்டிக்கே செய்திருக்கிறான். எப்படி முடியும்? கொஞ்ச நேரம் அது புரியாமல் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் புரிந்தது. அவன் தன் பொய்யைத் தானே நம்பிவிட்டான். சவரிதான் விட்டான் என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவனுக்கும் அதுவே ஆகிவிட்டது. பிறகு கையைத் திருத்த என்ன இருக்கு? நம்ம மேல தப்பு இல்லையே. பொய் சொல்லிட்டு ராத்திரி படுக்கும்போதாவது நாமதான்னு ஒரு தடவை நினைச்சிருந்தா, காலையில எழுந்து ஒரு புது வாஷர் வாங்கியிருப்பான். அதுகூட நினைக்கல. அப்படின்னா லூர்து மாமாவ அவன் நினைக்கவே இல்ல. இந்தப் பக்கம் நான் ஒருத்தன் தூக்கம் கெட்டுச் செத்துக்கிட்டு இருந்தேன், அந்தப் பக்கம் நிம்மதியாகச் சந்தனம் பூசிக்கிட்டு இருந்திருக்கான். இவனை என்ன செய்யலாம்? ஒண்ணும் செய்ய வேண்டாம். நட்டைக் கையால் திருகிவிட்டு மூடினால் போதும். நாலாவது வளைவு தாங்காது. மாமா விழுந்த அதே வளைவு. அந்த நினைப்பு வெல்லக்கட்டி மாதிரி நாக்கில் இனித்தது, பொய் சொல்ல முடியாது, இனித்தது. நிழலில் வளையல் சத்தம் கேட்டது. மேகலா காலை நீட்டி உட்கார்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிப்பு கசந்துவிட்டது. ஆனால் பசி போகவில்லை. சும்மா விடுவதற்கில்லை, அதுவும் இன்றைக்கு, இப்படிக் கையில் கொண்டுவந்து கொடுத்த பிறகு.

தெய்வேந்திரன் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான். "என்னப்பா, பேரிங்கா?" என்றான். சவரியப்பன் நட்டை முழுக்க இறுக்கி, ஹப்பைச் சுற்றிவிட்டு, அளவாகத் தளர்த்திக்கொண்டிருந்தான். எழுந்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையைத் தெய்வேந்திரன் தோளில், வலது தோளில், இப்போது நன்றாக ஞாபகம் வந்துவிட்டது, வலது தோளில் வைத்து, மெதுவாக, சிரித்த முகமாக, "நீ மகளோட டீ குடிக்கப் போ. நான் மடக்கிக்கிறேன்" என்றான். தெய்வேந்திரன் முகம் ஒரு நொடி ஒன்றுமில்லாமல் இருந்தது. அப்புறம் எங்கேயோ அடியிலிருந்து பழைய ஞாபகம் ஏதோ ஏறி வந்தது. "நானே நிக்கிறேனே" என்றான். "எதுக்கு? நீதான் இன்னைக்கு இரும்பத் தொடமாட்டியே. போ" என்றான் சவரியப்பன். அவன் போனான், ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான், டீக்கடையில் நின்றுகொண்டும் இந்தப் பக்கமே பார்த்தான். சவரியப்பன் முதுகை அந்தப் பக்கம் வைத்து உட்கார்ந்து, புது வாஷர் ஒன்றை எடுத்துப் போட்டு, காதை ஒரே அடியில் பளிச்சென்று மடக்கினான். தொட்டுப் பார்த்தான். ஒரு தடவைதான். மூன்று தடவை தேவைப்படவில்லை. பிறகு ஆக்சிலைச் சொருகி, போல்ட்டு போட்டு, சக்கரத்தை ஏற்றினான். மூடியாச்சு. இனி வெளியே இருந்து எவனும் பார்க்க முடியாது. மடக்கினவனுக்குத்தான் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டுமானால் தெய்வேந்திரன் சந்தனம் பூசின இரும்பை எழுப்பிக் கழற்றித்தான் பார்க்கணும். பாருடா. நான் இத்தனை வருஷம் இப்படித்தான் இருந்தேன், தெரியாம. ஒரு மத்தியானம் நீயும் இருந்து பாரு.

ஜாக்கியை இறக்கினான். உலுக்கிக் காட்டினான், ஆடவில்லை. மேகலா ஏறி உட்கார்ந்தாள். தெய்வேந்திரன் ஏறி, சாவி திருப்பி, வண்டி உறும, கண்ணாடியில் பின்னால் பார்த்தான். சவரியப்பன் டயருக்குப் பக்கத்தில்தான் நின்றான், கையில் வேஸ்ட்டோடு. தட்டவில்லை. கொஞ்ச நேரம் என்ஜின் ஓடியது. வாழை இலை ஆடியது. தெய்வேந்திரன் தலையை வெளியே நீட்டினான். "என்ன சவரி?" என்றான். "என்ன?" என்றான் சவரியப்பன். "சொல்லு." "என்ன சொல்ல?" மறுபடியும் கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கில் இருந்த கை எடுபடவில்லை. பெரிய பட்டறை முதலாளி, இவ்வளவு வருஷம் ஆயிரம் வண்டிக்குத் தட்டி அனுப்பினவன், ஒரு சொல் வராமல் ஒரு சாண் நகர மாட்டேன் என்கிறான், நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்று சவரியப்பன் உள்ளே குதித்தான். "என்னப்பா, சித்தப்பா போலாம்னு சொல்லலையா?" என்றாள் மேகலா, சின்ன வயதில் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அவளுக்குமே தெரிந்திருந்தது. தெய்வேந்திரன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"மடக்குனியாடா?" என்று கேட்டான், மகளுக்குக் கேட்காத குரலில்.

சவரியப்பன் ரெண்டு வாஷரையும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். "இது உன் வண்டியில இன்னைக்கு எடுத்தது. இது லூர்து மாமா செத்த எடத்துல எடுத்தது. நல்லாப் பாரு. யாரு உளி?"

தெய்வேந்திரன் பார்த்தான். வெயிலில் அவன் நெற்றிக் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. ரெண்டு வாஷரிலும் அதே ரெண்டு ரெண்டு பிறை. வாஷர் ரெண்டையும் விரலால் சேர்த்து வைத்துப் பார்த்தான். பொய் சொல்வான், உடனே சொல்வான், அதற்கும் தயாராகத்தான் சவரியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆனால் அவன் முகம் பொய் சொல்கிற முகமாக இல்லை. தன் வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் நிற்கிறவன் முகமாக இருந்தது.

"நான்..." என்றான். "சவரி, புள்ள இருக்கா வண்டியில. போலாம்னு சொல்லுடா."

"நீ மொதல்ல சொல்லு. என்கிட்ட இல்ல. எங்க அக்காகிட்ட. நான் போட்டா எடுக்கமாட்டா, உன் போன்ல போடு. ஸ்பீக்கர்ல வை."

எண்ணை அவன்தான் சொன்னான், மனப்பாடம், எடுக்காத எண் என்றாலும் மனப்பாடம். மணி அடித்தது. எடுக்காமல் போய்விடுவாளோ என்று ஒரு பயம், எடுத்துவிடுவாளோ என்று ஒரு பயம். "அலோ, யாரு?" என்றது ஜெசிந்தாக்கா குரல். கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது. பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். சவரியப்பன் பின்னால் நகர்ந்து பிக்கப்பின் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெசிந்தா, நான் தெய்வேந்திரன். வத்தலக்குண்டு பட்டறை. மலையில சவரி ஷெட்டுல நிக்கிறேன், வீல் ஆடிடுச்சு." தொண்டையைச் செருமினான். மேகலா கண்ணாடியை இறக்கி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் வண்டியில வாஷர மடக்குனது நான்தான். பழசையே மடக்கிட்டேன். சவரி சாப்பிடப் போயிருந்தான். நான்தான் போகச் சொன்னேன்."

தாளிக்கிற சத்தம் அடங்கியது, அடுப்பை அணைத்திருப்பாள். சவரியப்பன் காத்திருந்த இடம் இதுதான், இத்தனை வருஷமும் மனசுக்குள் ஒத்திகை பார்த்த இடம், அவள் வாய் திறந்து இவனைக் கிழிக்கணும், இவன் நாறணும், மகள் முன்னால் நாறணும். "நாசமாப் போவ" என்றாள் ஜெசிந்தாக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். "செத்தவன் பெட்டிக்கு முன்னாடி நின்னு சொன்னியேடா. என் கூடப் பொறந்தவன என் கையால தள்ள வச்சியேடா." தெய்வேந்திரன் தலையைத் தூக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம், "வண்டியில யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"மக. மாசமா இருக்கா."

"வீல மாட்டுனது யாரு?"

"சவரி." அவன் குரல் உடைந்தது. "ஆனா போலாம்னு சொல்லமாட்டேங்கிறான்."

"என் தம்பி மாட்டுனா கழலாது" என்றாள் அவள். "அவன் சொல்லாட்டி என்ன, நான் சொல்றேன். அந்தப் புள்ளையப் பத்திரமா எறக்கிட்டுப் போ." வைத்துவிட்டாள்.

தெய்வேந்திரன் ரெண்டு வாஷரையும் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு ஏறினான். மேகலா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, இந்தப் பக்கம் திரும்பி சவரியப்பனைப் பார்த்தாள், அழுதுகொண்டிருந்தாள். என்ஜின் உறுமியது. என் தம்பி என்றாளே. என்னிடம் இல்லை, எவனிடமோதான், ஆனாலும் சொன்னாளே. சவரியப்பன் டயரில் ரெண்டு தட்டுத் தட்டினான். போலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை, ஆகவே இன்னும் ஒரு தட்டுத் தட்டினான். வண்டி நகர்ந்தது.